பேரம் பேசாத ஆள்

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரியும் சந்தில், ஒரு துணிக்கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவில். ஒரு ஜெராக்ஸ் மெஷின், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு எஸ்.டி.டி. போன், என் மேஜையில் இன்னொரு போன், அவ்வளவுதான். என் கணவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தார். வீடும் அங்கேதான். காலையில் டவுன் பஸ்ஸில் வந்து கடையைத் திறப்பேன், விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர்களுக்குக் காகிதத்தின் மேல் பெரிய மரியாதை இருக்காது. மார்க் ஷீட்டில் ஒரு வரியின் மேல் வெள்ளைத்தாள் துண்டை வைத்து, "இப்படியே ஒரு காப்பி போட்டுக் குடுங்க" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வாடகை ரசீது, எதுவும் விலக்கு இல்லை. முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். அடுத்த சந்தில் இன்னொரு கடை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால் முத்திரையும் கையெழுத்தும் இருந்தாலே நிஜம் என்று நம்புகிற பழக்கம் எனக்குச் சீக்கிரமே போய்விட்டது. என் கணவர் அப்படியில்லை. அவருடைய மில்லில் ஒரு தாளில் சீல் விழுந்தால் அதன்படி மூட்டை நகரும். அவருக்குத் தாள் என்றால் தாள்.

பழைய மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சிறிதாக்கிப் பெரிதாக்கித் தருகிற மெஷின்கள் வந்துவிட்டன, கேட்டு வருகிறவர்கள் திரும்பிப் போனார்கள். புதியது வாங்க வேண்டுமென்றால் பழையதை விற்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் இரும்பு விலைதான் போடுவோம் என்றார்கள் புது மெஷின் விற்கிறவர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தேன். முப்பதாயிரம் என்று போட்டேன். இருபத்தைந்துக்கு இறங்கலாம் என்பது மனசுக்குள் இருந்த கணக்கு.

விளம்பரம் வந்ததும் போன்கள் வந்தன. ஒருவர் எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்டார். ஒருவர் டிரம் மாற்றி எத்தனை நாளாயிற்று, டோனர் சிந்துமா, என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திருப்பூரிலிருந்து ஒரு பெண் தவணையில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எல்லோரும் எரிச்சலூட்டினார்கள். ஆனால் எல்லோரும் வாங்க நினைக்கிறவர்கள் பேசுகிற மாதிரி பேசினார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆளின் போன் வந்தது.

"ஏனுங்க அம்மணி, பேப்பர்ல போட்டிருந்தீங்களே, அந்த ஜெராக்ஸ் மெஷின் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"நான் பொள்ளாச்சியில இருந்து பேசறனுங்க. எங்க மொதலாளி இங்க புதுசா ஒரு பாலிடெக்னிக் கட்டிட்டு இருக்காருங்க. ஆபீசுக்கு ஒரு மெஷின் வேணும்னு சொன்னாருங்க. முப்பதாயிரமுங்களா?"

"ஆமாங்க."

"சரீங்க, எடுத்துக்கறமுங்க."

நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்பது வர வேண்டும். வரவில்லை.

"ஒருதடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க," என்றேன்.

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? உங்க பேச்சுலயே தெரியுதுங்களே. கடை அட்ரஸ் சொல்லுங்க, டி.டி. எடுத்து அனுப்பிப்போடறேன்."

பேச்சில் எந்தக் குறையும் இல்லை. நம் பக்கத்துப் பேச்சு, அதிலும் கொஞ்சம் தாராளமான மரியாதை. ஆனால் கொங்கு நாட்டில் கத்தரிக்காய்க்குக்கூட விலை குறைத்துக் கேட்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். முப்பதாயிரத்துக்கு ஒரு பொருளை, ஓட்டிப் பார்க்காமல், ஒரு ரூபாய் குறைத்துக் கேட்காமல் ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்றால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீட்டில் சொன்னேன். என் கணவர் சிரித்தார்.

"மொதலாளி காசு அம்மணி. அவன் கையில இருந்தா போகுது, பேரம் பேசறதுக்கு?"

"பாக்கவே வரலைங்களே."

"உனக்கு எல்லாருமே திருடன்தான். வந்தாலும் சந்தேகம், வரலைன்னாலும் சந்தேகம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 

கொரியரில் டி.டி. வந்தது. என் பெயர் சரியாக இருந்தது. தொகை மட்டும் அறுபதாயிரம். பணம் தர வேண்டிய கிளை சேலத்தில். கோயமுத்தூரில் இருக்கிற கடைக்குப் பொள்ளாச்சியிலிருந்து அனுப்புகிறவர்கள் எதற்காகச் சேலத்தில் மாற்றும்படி எடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"டி.டி. வந்துச்சுங்களா அம்மணி?"

"இப்பத்தானுங்க வந்துச்சு. தொகை எச்சா இருக்குதுங்களே."

"அதைச் சொல்லத்தானுங்க கூப்புட்டேன். திருப்பூர்ல இன்னொரு மெஷின் பேசியிருக்கறமுங்க. எங்க ஆபீஸ் கிளார்க்கு ரெண்டு மெஷினுக்கும் ஒட்டுக்கா உங்க பேர்லயே எடுத்துப்போட்டானுங்க. நீங்க பேங்க்ல போட்டுருங்க. என்ர ஆளு டெம்போ எடுத்துட்டு வருவானுங்க. மெஷினையும் மீதி முப்பதையும் அவன் கையில குடுத்துப்போடுங்க, அவன் அப்படியே திருப்பூர் போயிருவான்."

"எதுக்குங்க அவ்ளோ சிரமம்? நான் இத திருப்பி அனுப்பிடறனுங்க. நீங்க சரியான தொகைக்கு வேற எடுத்து அனுப்புங்க."



"ஐயோ, வேண்டாமுங்க. மொதலாளிக்குத் தெரிஞ்சா என்ர வேலையே போயிருமுங்க. புள்ள குட்டிக்காரனுங்க நானு. நீங்க நம்ம ஊர்க்காரங்க, நம்பித்தானுங்க சொல்றேன்."

நம்பிச் சொல்கிறேன் என்று அவர் சொன்னபோது, நம்ப வேண்டிய இடத்தில் இருந்தவள் நான். அவர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். என்னைப் பார்த்ததே இல்லை, ஆனால் என் கையில் முப்பதாயிரத்தை ஒப்படைக்கிறாராம். போனை வைத்தபின் இன்னொன்றும் உறைத்தது. கொரியர் பையன் படி இறங்கிப் போய் வெகுநேரம் ஆகவில்லை. டி.டி. வந்தது இவருக்கு எப்படித் தெரிந்தது?

என் கணவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். இருவரும் பேங்குக்குப் போனோம். கடைக் கணக்கு அங்கேதான் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். டி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டி.டி.ன்னா காசு மாதிரிங்க. செக்குன்னாத்தான் கணக்குல பணம் இருக்குதா இல்லையான்னு பயப்படணும். இதுக்கு ஏற்கெனவே காசு கட்டியாச்சு," என்றார்.

"சேலம் போயி வரணுமுங்களா?" என்றேன்.

"போகணுமுங்க, நாளாகும். ஆனா உங்களுக்காக மேனேஜர்கிட்டச் சொல்லி முன்னாடியே வரவு வெச்சுத் தாறேன். தெரிஞ்சவீங்களுக்குச் செய்யறதுதான்."

சொன்னபடியே செய்தார். இரண்டொரு நாளில் பாஸ் புக்கில் அறுபதாயிரம் ஏறியிருந்தது. என் கணவர் அந்த வரியை எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார். நான் கவுண்டருக்குத் திரும்பிப் போனேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இது வந்த காசுங்களா, வரப்போற காசுங்களா?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "வந்த மாதிரித்தானுங்க," என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.  நான்தான் ஆரம்பித்தேன்.

"காசு சேலத்துல இருந்து வரலைங்க. பேங்க்காரங்க அவீங்க கைக்காசப் போட்டிருக்காங்க. நாளைக்குச் சேலத்துக்காரன் இந்த டி.டி. எங்களுது இல்லைன்னு சொல்லிப்போட்டான்னா, பேங்க்காரங்க ஆரைக் கேப்பாங்க?"

"எதுக்குச் சொல்றான்? டி.டி. அம்மணி அது. நீ வேலை மெனக்கெட்டுப் பேங்க்காரரு மொகத்துக்கு நேராக் கேட்டுட்டு வந்திருக்கறே. நாளைக்கு ஒரு உதவின்னு அவருகிட்ட எப்படிப் போயி நிக்கறது?"

"குடுக்கற முப்பது நம்ம காசுங்க."

 மீதியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பதில் அவர் மாறவில்லை. அடுத்தவன் காசு நம் கணக்கில் கிடக்கிறது என்பதே அவருக்குப் பாரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டெம்போ வந்தது. கூட ஒரு ஆள். வெளுத்த சட்டை, சீவிய தலை, நல்ல சிரிப்பு. டிரைவர் இறங்கி வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தார், கடைப்படியைப் பார்த்தார், "எத்தனை பேர் புடிக்கணுமுங்க?" என்று கேட்டார். அந்த ஆள் மெஷின் பக்கமே திரும்பவில்லை. என் மேஜை டிராயரைத்தான் பார்த்தார்.

"வணக்கமுங்க. பொள்ளாச்சியில இருந்து சொல்லியிருப்பாருங்களே. மீதிய ரெடியா வெச்சிருக்கீங்களா?"

"உக்காருங்க, டீ சாப்புடறீங்களா?" என்றேன்.

"வேண்டாமுங்க. அவருக்கு ஒரு போன் போட்டுட்டு வாரேன்," என்று வெளியே போனார்.

என் கடையில் கண்ணாடிக் கூண்டு காலியாக இருந்தது. எஸ்.டி.டி. என்று மஞ்சள் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு போன் போட வெளியே போகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் போனதும் டிரைவரிடம் கேட்டேன். "இங்கிருந்து நேராத் திருப்பூருங்களா, பொள்ளாச்சிங்களா?"

"ரெண்டும் இல்லீங்களே. இங்க பக்கத்துல ஏதோ லாட்ஜுல எறக்கணும்னு சொன்னாருங்க. டவுனுக்குள்ளங்கறதாலதான் இந்த வாடகைக்கு ஒத்துக்கிட்டு வந்தனுங்க. நான் சிங்காநல்லூர் ஸ்டாண்டு வண்டிங்க."

பாலிடெக்னிக்குக்கு வாங்குகிற மெஷின் எதற்கு லாட்ஜுக்குப் போகிறது?  கடையில் நான் ஒருத்தி. என் கணவர் மில்லில். டிராயரில் முப்பதாயிரம் இருந்தது. காலையில் அவர் சொல்லி அனுப்பியபடி பேங்கிலிருந்து எடுத்து வந்திருந்தேன்.

அப்போது மேஜை போன் அடித்தது.

"அம்மணி, பொள்ளாச்சியில இருந்துங்க. ஆளு வந்துட்டானுங்களா?"

"வந்துட்டாருங்க."

சந்து முனையில் ஒரு லாட்டரிச் சீட்டுக் கடை உண்டு. வாசலில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்துவார். "நாளைய குலுக்கல், நாளைய அதிர்ஷ்டசாலி நீங்களாக இருக்கலாம்" என்று ஒரே பாட்டு. அது எங்களுக்குப் பழகிப் போய்க் காதில் விழுவதே இல்லை. அன்றைக்கு விழுந்தது. இரண்டு தடவை விழுந்தது. வாசல் வழியாக ஒரு தடவை, ரிசீவருக்குள்ளிருந்து ஒரு தடவை.

முதலில் என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். ரிசீவரை இறுக்கிக் காதில் வைத்துக்கொண்டு மற்ற காதைப் பொத்தினேன். உள்ளே குலுக்கல் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுத்தேன். வெளியே அதே குலுக்கல். மைக் பிடித்தவர் நடுவில் பலமாக இருமினார். அதே இருமல் ரிசீவரிலும் கேட்டது.

போனில் எப்போதும் பேசுகிற அதே குரல்தான், ஆனால் பொள்ளாச்சி இல்லை. இந்தச் சந்து முனையில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஏதோ ஒரு கடைப் போனிலிருந்து பேசுகிறான்.

கொரியர் வந்ததை எப்படித் தெரிந்துகொண்டான் என்பதும் அப்போது புரிந்தது. எத்தனை நாளாக இந்தச் சந்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியவில்லை. ஒருவேளை உள்ளே வந்து காப்பிகூட எடுத்துக்கொண்டு போயிருப்பான். சில்லறை இல்லை என்று நான் மிட்டாய் கொடுத்திருப்பேன்.

"கேக்குதுங்களா அம்மணி? மீதியக் குடுத்து அனுப்பிப்போடுங்க."

உனக்கு இங்கே என்ன வேலை என்று கத்தத்தான் தோன்றியது. ஆனால் நம் ஊரில் முகத்துக்கு நேரே உன்னை நம்பவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கம் அன்றைக்கு உதவியது.

"குடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்க. நாங்க வெள்ளிக்கெழமை காசு கைய உட்டு வெளிய குடுக்கறதில்லீங்க."

"அம்மணி, வண்டி நிக்குதுங்க. டி.டி. மாத்தியாச்சுல்லீங்க?"

"வரவு வெச்சிருக்காங்க. சேலத்துல இருந்து தகவல் வரட்டுங்க. மெஷினும் காசும் ஒட்டுக்காக் குடுத்துடறனுங்க."

"என்ன வெளையாடறயா? அறுபதாயிரத்த வாங்கி வெச்சுக்கிட்டு சாமி பேரச் சொல்லி ஏமாத்தப் பாக்கறயா?"

அதுவரை ஒரு சொல்லுக்குக்கூட ‘ங்க' குறையாமல் பேசியவர் அவர். அது விழுந்ததும் குரலே வேறாக இருந்தது. வயது குறைந்த, பசியோடு இருக்கிற யாரோ ஒருவனின் குரல். உடனே அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. எங்கம்மாவ ஆஸ்பத்திரில வெச்சிருக்கறனுங்க. அந்தக் கலக்கத்துல பேசிப்போட்டேன்."

"பரவால்லீங்க. அம்மாவ நல்லாப் பாத்துக்கோங்க. திங்கக்கெழமை வாங்க," என்றேன்.

போன் வைக்கப்பட்டது. நான் உடனே பக்கத்துத் துணிக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணா, சித்த நேரம் வந்து இங்க உக்காருங்க, கூட ஆள் இருந்தாத் தேவலாமுங்க," என்றேன். அவர் எதற்கென்று கேட்காமல் வந்து ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்தார். சற்றுக் கழித்து வெளுத்த சட்டைக்காரர் திரும்பினார். வாசலில் ஆள் இருப்பதைப் பார்த்தார்.

"மெஷினையாவது ஏத்திக்கட்டுமுங்களா?"

"எல்லாம் திங்கக்கெழமைங்க."

"சரீங்க, வாரேனுங்க," என்று அதே சிரிப்போடு கும்பிட்டுவிட்டுப் போனார். டெம்போவில் ஏறவில்லை. நடந்தே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டார். டிரைவர் பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினார்.

"என்னங்க, ஆளக் காணமுங்க? வாடகை ஆரு குடுக்கறது?"

"ஆரு கூப்புட்டாங்களோ அவீங்ககிட்டக் கேளுங்க," என்றேன். இவரும் அவர்களோடு சேர்ந்தவர், வேவு பார்க்க விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் அப்போது பட்டது.

வீட்டில் அன்று பெரிய சண்டை. லாட்டரி மைக் சத்தத்தைச் சொன்னேன்.

"காந்திபுரத்துல மட்டுந்தான் லாட்டரிக் கடை இருக்குதா? பொள்ளாச்சியிலயும் கத்திட்டுத்தான் இருப்பான்," என்றார்.

"இருமுனது கூடவுங்களா?"

"நாளைக்கு அந்த மொதலாளி போலீசுக்குப் போனா என்ன பண்ணுவே? அறுபதாயிரம் நம்ம கணக்குல ஏறியிருக்குது. காசையும் வாங்கிக்கிட்டு மெஷினையும் குடுக்கலைன்னா திருடன் ஆரு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியதும் பயம் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. அவன் ஏமாற்றுக்காரன் என்றால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நல்லவன் என்றால் நான்தான் ஏமாற்றுக்காரி. திங்கட்கிழமை வரை கடைக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்த்தேன். நூறு ரூபாய் நீட்டினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துணிக்கடைக்காரர், "அந்த ஆளுக வந்தாங்களா?" என்று அக்கறையாகக் கேட்டபோது, இவர் எதற்கு இவ்வளவு விசாரிக்கிறார் என்றுகூட நினைத்தேன். ஸ்டூல் போட்டு எனக்காக உட்கார்ந்தவரையே.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. போனும் இல்லை. அதற்கடுத்த வாரம் பேங்கிலிருந்து வரச் சொல்லி ஆள் வந்தது.

அந்த எண்ணில் சேலம் கிளையின் பேரில் டி.டி. எதுவுமே எடுக்கப்படவில்லையாம். தாள், சீல், கையெழுத்து எல்லாமே போலி. மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. கவுண்டர்க்காரர் தலை நிமிரவில்லை.

"யாரு குடுத்தது? எப்படிப் பழக்கம்?" என்றார் மேனேஜர். சொன்னேன். "நேர்ல பாத்ததே இல்லைங்கறீங்க. அறுபதாயிரத்துக்கு டி.டி. அனுப்பினாருங்கறீங்க." பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க ஜெராக்ஸ் கடையா வெச்சிருக்கறீங்க?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.  நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க, ஒரு நிமிசமுங்க. இது வந்த காசா, வரப்போற காசான்னு இதே கவுண்டர்ல நின்னு என்ர சம்சாரம் கேட்டுச்சுங்க. காசுதான்னு சொன்னது உங்க ஆளுங்க. நானும் சொன்னனுங்க. நம்பாம இருந்தது இது ஒருத்திதானுங்க. எடுத்த முப்பதாயிரமும் அப்படியே இருக்குதுங்க. இப்பவே கட்டிடறமுங்க."

யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர் அவர். மேனேஜர் எதிரில் இருந்த நாற்காலிகளைக் காட்டி, "உக்காருங்க," என்றார்.

பணத்தைக் கட்டினோம். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிமிர்ந்து, "காசு போகலையில்லீங்க? அப்பறம் என்னங்க?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு முன்னால் நிஜமாகவே காசு போனவர்கள் வரிசையில் நின்றார்கள்.

வெளியே வந்ததும் என் கணவர் சொன்னார், "வெள்ளிக்கெழமை கடையில நான் இருந்திருந்தா குடுத்திருப்பேன்."  

டெம்போ டிரைவர் இன்னொரு நாள் கடைக்கு வந்தார். காத்திருந்ததற்காவது ஏதாவது கொடுங்கள், அந்த ஆள் பைசா கொடுக்காமல் போய்விட்டான் என்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாகவும் இருந்தது, நடிப்பாகவும் இருந்தது. அவர் லாட்ஜ் என்று சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு உறுதி வந்திருக்காது. கூட்டாளியாக இருந்தால் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் உளறியும் இருக்கலாம். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் கணவர் பிறகு சிங்காநல்லூர் ஸ்டாண்டில் அவரைத் தேடிப் பிடித்து வாடகையைக் கொடுத்ததாகச் சொன்னார். கொடுத்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மெஷின் கடையிலேயே இருந்தது. மறுபடி விளம்பரம் கொடுக்க மனசு வரவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு ஒருவர் கிணத்துக்கடவிலிருந்து வந்தார். பத்திரம் பதிகிற ஆபீஸ் பக்கத்தில் கடை போடப் போகிறாராம். பஸ்ஸில் வந்த களைப்போடு உள்ளே நுழைந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மெஷின் முன்னால் குந்திக்கொண்டார்.

"போட்டு உடுங்க, பாக்கலாம்."

போட்டேன். காதை வைத்துக் கேட்டார். ஐம்பது காப்பி எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, "இந்த ஓரத்துல கோடு விழுகுதுங்களே" என்றார். விழவில்லை. பிறகு முப்பதா, பதினெட்டுக்குக் கொடுங்கள் என்றார். நான் முடியவே முடியாது என்றேன். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். எனக்கு உள்ளுக்குள் என்ன நிம்மதி! மறுபடி வாசல் வரை போனார், மறுபடி வந்தார். இருபத்தாறில் முடிந்தது.

செக் புத்தகத்தை எடுத்தார்.

"செக்கு பாஸாகிக் காசு வந்தப்பறம் மெஷின எடுத்துக்கோங்க," என்றேன்.

அவர் கை நின்றது. "என்ர மேல சந்தேகமுங்களா?"

"ஆமாங்க," என்றேன். அதுவரை யாரிடமும் நேராகச் சொல்லாத சொல். வெளியே வந்த பிறகு எனக்கே திடுக்கென்றது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். பதிலுக்கு அவர் சொன்னது: "சரிதானுங்க. ஆனா அதுவரைக்கும் மெஷினு உங்ககிட்டத்தான இருக்கும்? உள்ள இருக்கற சாமானத்த மாத்திப்போட்டீங்கன்னா நான் எங்க போயி நிக்கறது?"

என் மேஜையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, மெஷினின் பக்கக் கதவைத் திறந்து, டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் கையெழுத்துப் போட்டார். காப்பி எண்ணுகிற கவுண்டரில் இருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "இனி இதுல ஒரு காப்பி எடுத்தாலும் தெரிஞ்சு போயிருமுங்க," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரங்களில் நான் சிரித்தது அப்போதுதான். அவர் சிரிக்கவில்லை, மிகவும் காரியமாக இருந்தார்.

அந்த மெஷினின் மேல் துணியைப் போர்த்தி வைத்தேன். காப்பி கேட்டு வந்தவர்களை, வயிற்றெரிச்சலோடு, அடுத்த சந்துக்கு அனுப்பினேன். பேங்கில் காசு நிஜமாகவே வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகு அவருக்குப் போன் போட்டேன்.

வேனோடு வந்தார். வந்தவுடன் என்னைக் கும்பிடவில்லை. நேராகப் போய்த் துணியை நீக்கி, கதவைத் திறந்து, தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை எண்ணைப் பெயர்த்து எழுதியிருந்த ஒரு துண்டுத்தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரோடு ஒப்பிட்டார். அதற்குப் பிறகுதான், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். டீ வரவழைத்தேன், குடித்தார்.

மெஷினை ஏற்றிக் கட்டி முடித்ததும் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, இப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. உண்மையச் சொல்லுங்க. இவ்ளோ நல்லா ஓடற மெஷின எதுக்கு விக்கறீங்க?"

புது மாடல் வாங்கப் போவதைச் சொன்னேன். சிறிதாக்கிப் பெரிதாக்குகிற விஷயத்தையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். முழுசாக நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் உட்காராமல், பின்னால் ஏறி மெஷினோடு உட்கார்ந்துகொண்டார்.